படத்தை மட்டும் பார்த்து குவில்ட் பிளாக் தைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துணித்துண்டுகளை இணைத்து, பஞ்சு வைத்துத் தைத்த விரிப்புதான் குவில்ட். அதில் திரும்பத் திரும்ப வரும் சதுர அமைப்பு பிளாக். ஒரு குவில்ட்டின் படம் கண்ணில் படுகிறது, பிடித்துப்போகிறது. ஆனால் அளவு இல்லை, வெட்டும் முறை இல்லை, பல நேரம் பெயர்கூட இல்லை. அப்படிப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு யோசிப்பவர்களுக்கான பக்கம் இது. நேர்த்தையல் போடவும் ஸ்கேல் வைத்துத் துணி வெட்டவும் தெரிந்திருந்தால் போதும். அளவுகளை இன்ச்சில் கொடுத்திருக்கிறேன். பிளாக்கின் அளவு தைத்து முடித்தபின் தெரிவது. வெட்டும் அளவில் தையலுக்கு விடுவதும் சேர்ந்திருக்கும், அந்தக் கணக்கு கீழே வருகிறது. சென்டிமீட்டரில் வேலை செய்பவர்களுக்குக் கீழே தனிக் கேள்வி இருக்கிறது.

படத்தைப் பார்த்ததும் முதலில் எதைத் தேட வேண்டும்?

பெரும்பாலானவர்கள் துண்டுகளை எண்ணத் தொடங்குவார்கள். இங்கே எட்டு முக்கோணம், அங்கே நாலு சதுரம் என்று கணக்கு நீளும். அந்தக் கணக்கு துணி வெட்டும்போது தேவைப்படும். இப்போது அது குழப்பத்தான் செய்யும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த பிளாக்கில் கடைசியாகப் போட்ட தையல் எது?

சாதாரண பிளாக்குகளில் கடைசித் தையல் ஒரு விளிம்பில் தொடங்கி எதிர் விளிம்புவரை எங்கும் உடையாமல் ஓடும். நேராகவும் ஓடலாம், மூலைக்கு மூலை குறுக்காகவும் ஓடலாம். அதைக் கண்டுபிடித்து, பென்சிலால் அழுத்திக் கோடு போடுங்கள். பிளாக் இரண்டு பாகமாகிவிடும். ஒவ்வொரு பாகத்திலும் மறுபடி அதே கேள்வி: இதற்குள் கடைசித் தையல் எது? இப்படிப் பிரித்துக்கொண்டே போனால், இனிப் பிரிக்க ஒன்றுமில்லாத தனித்துண்டுகளில் வந்து நிற்பீர்கள். தைக்கும் வரிசை இதற்கு நேர் தலைகீழ். கடைசியாகப் பிரித்ததை முதலில் தைக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் மீதி இருப்பதெல்லாம் அளவுக் கணக்கும் விதிவிலக்குகளும்தான்.

என்னிடம் முழு குவில்ட்டின் படம்தான் இருக்கிறது. ஒரு பிளாக் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லையே?

பிளாக்குகளுக்கு நடுவே பட்டைத்துணி வைத்துத் தைத்திருந்தால் பிரச்சினை இல்லை. பட்டை எங்கே இருக்கிறதோ அங்கே பிளாக் முடிகிறது. பிளாக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும்போதுதான் கண் ஏமாறும். நாலு பிளாக்குகளின் மூலை முக்கோணங்கள் சேர்ந்து புதிதாக ஒரு வைரத்தையோ காற்றாடியையோ உண்டாக்கிவிடும், நம் பார்வை முதலில் அதில்தான் போய் விழும். அதையே பிளாக் என்று நினைத்துவிடுவோம்.

இதற்கு ஒரு வழி உண்டு. படத்தில் தனித்துத் தெரியும் ஒரு புள்ளியைப் பிடியுங்கள், உதாரணமாக ஒரு சிவப்புச் சதுரத்தின் இடது மேல் மூலை. அதே புள்ளி அதே திசை நோக்கி அடுத்து எங்கே வருகிறது என்று பக்கவாட்டில் தேடுங்கள், பிறகு கீழ்நோக்கித் தேடுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் வடிவம் திரும்ப வரும் தூரம். காகிதத்தில் அந்த அளவுக்கு ஒரு சதுரச் சட்டம் வெட்டி, படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். எந்த நிலையில் சட்டத்தின் நாலு பக்கமும் தையல் கோட்டின் மேலேயே உட்கார்ந்து, எந்தத் துண்டையும் நடுவில் வெட்டாமல் இருக்கிறதோ, அதுதான் பிளாக். இரண்டு நிலைகள் பொருந்தினால் குவில்ட்டின் ஓரத்தைப் பாருங்கள். ஓரத்தில் பெரும்பாலும் முழு பிளாக்தான் நிற்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். திரும்ப வரும் தூரம் ஒரே பிளாக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. நடுச்சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளாகத் தைக்கும் லாக் கேபின் போன்றவற்றில் ஒரே பிளாக்கைத் திருப்பித் திருப்பி வைப்பார்கள். அங்கே சட்டத்துக்குள் நாலு பிளாக் மாட்டும். அதனால் சட்டத்துக்குள்ளும் ஒருமுறை பாருங்கள், ஒரே துண்டமைப்பு திரும்பிய நிலையில் இருக்கிறதா என்று. இன்னொன்று, இரண்டு வேறு பிளாக்குகள் சதுரங்கப் பலகை மாதிரி மாறி மாறி வருவது. அதிலும் சட்டத்துக்குள் ஒன்றுக்கு மேல் இருக்கும்.

எல்லா பிளாக்கும் வைரம்போல் முனையில் நிற்கிறது. இது வேறு பிளாக்கா?

பிளாக் அதேதான், 45 டிகிரி திருப்பி வைத்திருக்கிறார்கள். படத்தையும் 45 டிகிரி திருப்பிவிட்டு வழக்கம்போல் பாருங்கள்.

கணக்கு மாறுவது குவில்ட்டின் ஓரத்தில்தான். பிளாக்கின் குறுக்களவு பக்கத்தைப்போல் 1.414 மடங்கு. 12 இன்ச் பிளாக் முனையில் நின்றால் கிட்டத்தட்ட 17 இன்ச் இடம் பிடிக்கும். ஓரத்தில் இடைவெளியை நிரப்பும் முக்கோணங்களுக்கு 18¼ இன்ச் சதுரத்தை இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்டி நாலாக்க வேண்டும். குவில்ட்டின் நாலு மூலைகளுக்கும் 9⅜ இன்ச் சதுரங்கள் இரண்டை ஒரே மூலைவிட்டத்தில் வெட்டினால் போதும். இந்த இரண்டையும் மாற்றி வெட்டினால் குவில்ட்டின் வெளி ஓரம் முழுக்க கிராஸாக, அதாவது இழைக்குச் சாய்வாக, வந்து இழுபடும்.

படம் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கிறது. அளவெடுக்க முடியுமா?

போனிலேயே படத்தைத் திருத்தும் இடத்தில் சாய்வை நேராக்கும் வசதி இருக்கும். ஒரு பிளாக்கின் நாலு மூலையும் சதுரமாக வரும்வரை இழுத்துவிட்டு, அந்த பிளாக்கை மட்டும் வெட்டி எடுத்துப் பெரிதாக அச்சடித்துக்கொள்ளுங்கள். மடிப்போ தொங்கலோ இருந்தால் குவில்ட்டின் நடுப்பகுதியில் சமமாகப் படிந்திருக்கும் பிளாக்கைத் தேர்ந்தெடுங்கள். ஒரு மூலையை மட்டும் அளந்து முடிவுக்கு வராதீர்கள், நாலு மூலையையும் அளந்து சராசரி பாருங்கள்.

பிளாக் எத்தனை கட்டமாகப் பிரிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நேர்கோட்டு பிளாக்குகளில் பெரும்பாலானவை ஒரு சமமான கட்டத்தின் மேல் வரையப்பட்டவை. 2, 4, 8 என்று பிரிவது ஃபோர் பேட்ச் குடும்பம். 3, 6 என்று பிரிவது நைன் பேட்ச். 5, 10 ஃபைவ் பேட்ச், 7 என்றால் செவன் பேட்ச். எந்தக் குடும்பம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு நீளமான காகிதப் பட்டையை அச்சடித்த படத்தின் ஓரத்தில் வைத்து, பிளாக்கின் இரண்டு முனைகளையும், நடுவில் தையல் கோடுகள் விளிம்பைத் தொடும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். முனைக்கு முனை அளவாகப் பட்டையை வெட்டி, நாலாக மடியுங்கள். குறிகள் மடிப்பில் விழுந்தால் ஃபோர் பேட்ச். விழாவிட்டால் புதுப் பட்டை எடுத்து மூன்றாக மடித்துப் பாருங்கள். ஐந்தாகவும் ஏழாகவும் மடிப்பது கஷ்டம். அதற்குக் கோடு போட்ட நோட்டுத்தாள் போதும். பட்டையின் ஒரு முனையை ஒரு கோட்டில் வைத்து, மறுமுனை ஐந்தாவது இடைவெளி முடியும் கோட்டைத் தொடும்வரை சாய்த்தால், நடுவிலுள்ள கோடுகள் பட்டையைச் சரியாக ஐந்து சமபாகமாக வெட்டும். ஏழுக்கும் அதே முறைதான்.

விளிம்பை மட்டும் நம்பக்கூடாது. பெரிய துண்டுகள் கட்டக்கோடுகளை விழுங்கிவிடும். உள்ளே தையல்கள் சந்திக்கும் புள்ளிகளையும் நேராக விளிம்புவரை இறக்கிக் குறியுங்கள். பேர்ஸ் பா என்ற கரடிப்பாத பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு மூலையிலும் ஒவ்வொரு பாதம், நடுவில் சிலுவைபோல ஒல்லியான பட்டை. பார்த்ததும் மூன்றாகப் பிரியும் என்றுதான் தோன்றும். ஆனால் பட்டையின் அகலம் பாதத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஆக 3, 1, 3. மொத்தம் ஏழு.

எட்டு முனை நட்சத்திரம் எல்லாமே எனக்கு ஒன்றுபோலத் தெரிகிறது. எது எது என்று எப்படிப் பிரிப்பது?

படத்தைப் பார்த்துத் தைப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது, ஆனால் ஒரே ஒரு அளவில் தீர்ந்துவிடும். மூலையில் உள்ள சதுரத்தின் பக்கத்தை அளந்து பிளாக்கின் பக்கத்தால் வகுங்கள்.

விடை 0.25க்குப் பக்கத்தில் வந்தால் அது சாடூத் ஸ்டார், 4க்கு 4 கட்டம். நடுச்சதுரம் பிளாக்கில் பாதி அகலம் இருக்கும். 0.33 வந்தால் ஓஹையோ ஸ்டார், 3க்கு 3 கட்டம். நடுச்சதுரமும் மூலைச்சதுரமும் ஒரே அளவு. இரண்டுக்கும் நடுவே 0.29 என்று வந்தால் கட்டத்துக்குள் அடங்காத லெமாய்ன் ஸ்டார். அதற்கு நடுச்சதுரமே கிடையாது. எட்டு சாய்சதுரங்கள் மையத்தில் ஒரே புள்ளியில் கூடும். விளிம்பு 1, 1.414, 1 என்ற விகிதத்தில் பிரிந்திருக்கும்.

தைக்கும் முறையும் மூன்றுக்கும் வேறு. 8 இன்ச் சாடூத் ஸ்டாருக்கு நடுச்சதுரம் 4½, மூலைக்கு நாலு 2½ சதுரங்கள், முனைகளுக்கு ஃப்ளையிங் கீஸ் நாலு. ஃப்ளையிங் கீஸ் என்பது ஒரு பெரிய முக்கோணமும் அதன் இரு தோளிலும் இரண்டு சின்ன முக்கோணமும் சேர்ந்த செவ்வகம். 2½க்கு 4½ செவ்வகத்தின் இரு முனையிலும் 2½ சதுரத்தை வைத்து, சதுரத்தின் மூலைவிட்டத்தில் தைத்து, மிச்சத்தை வெட்டிவிட்டு மடித்து இஸ்திரி போட்டால் முடிந்தது. துணி வீணாகக் கூடாது என்றால், 5¼ பின்னணிச் சதுரம் ஒன்றும் 2⅞ நட்சத்திரச் சதுரம் நாலும் வைத்து நாலையும் ஒரே தடவையில் தைக்கும் முறை இருக்கிறது.

9 இன்ச் ஓஹையோ ஸ்டாரில் முனைகள் கால் சதுர முக்கோணங்களால் ஆனவை. 4¼ சதுரங்களை இரண்டு மூலைவிட்டத்திலும் வெட்ட வேண்டும். மூலையும் நடுவும் 3½.

லெமாய்ன் ஸ்டாருக்கு 12 இன்ச் நல்ல அளவு, எண்கள் ஏறத்தாழ முழுசாக வரும். மூலைச்சதுரங்களை 4 இன்ச்சாக வெட்டுங்கள். சாய்சதுரங்களை 3 இன்ச் அகலப் பட்டையிலிருந்து 45 டிகிரி சாய்வில், 3 இன்ச் இடைவெளி விட்டு வெட்டுங்கள். விளிம்பு முக்கோணங்களுக்கு 6¼ சதுரம் ஒன்றை நாலாக வெட்டினால் போதும்.

ஒரு எளிய பிளாக்கை முழுசாகப் பிரித்துக் காட்ட முடியுமா?

சர்ன் டேஷ் என்ற பிளாக்கை எடுத்துக்கொள்வோம். மூலைகளில் பாதி அடர்நிறம் பாதி வெளிர்நிறமான நாலு சதுரங்கள், பக்கங்களில் அடர்நிறம் உள்ளேயும் வெளிர்நிறம் வெளியேயுமாக நாலு இரட்டைப் பட்டைகள், நடுவில் ஒரு வெளிர்நிறச் சதுரம்.

கடைசித் தையலைத் தேடினால் மேலிருந்து கீழாக இரண்டு கோடுகளும் இடமிருந்து வலமாக இரண்டு கோடுகளும் உடையாமல் ஓடுவது தெரியும். அப்படியானால் மூன்று வரிசைகளாகத் தைத்து, வரிசைகளைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு வரிசையைப் பிரித்தால் மூன்று அலகு. மூலை அலகைப் பிரித்தால் இரண்டு முக்கோணம், பக்க அலகைப் பிரித்தால் இரண்டு பட்டை.

இப்போது நடுச்சதுரத்தின் அகலத்தைப் பாருங்கள். பிளாக்கில் மூன்றில் ஒரு பங்காக இருந்தால் நைன் பேட்ச். 9 இன்ச் பிளாக்குக்கு ஒவ்வொரு அலகும் 3 இன்ச். மூலைகளுக்கு அடர்நிறம் இரண்டு, வெளிர்நிறம் இரண்டு என 3⅞ இன்ச் சதுரங்கள். பக்கங்களுக்கு ஒவ்வொரு நிறத்திலும் நாலு, 2க்கு 3½ செவ்வகங்கள். நடுவுக்கு 3½ சதுரம் ஒன்று.

நடுச்சதுரம் ஒல்லியாக, ஐந்தில் ஒரு பங்காகத் தெரிந்தால் இது 5க்கு 5 கட்டம். 10 இன்ச் பிளாக்காக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கட்டம் 2 இன்ச். மூலைகள் 4 இன்ச்சாகிவிடும், அதற்கு 4⅞ சதுரங்கள். பக்கப் பட்டைகள் இப்போது சதுரமாகவே சுருங்கி 2½க்கு வந்துவிடும். நடுவும் 2½. இரண்டும் ஒரே பெயரில் புழங்கும், துண்டு எண்ணிக்கையும் 17 தான். துண்டுகளை மட்டும் எண்ணியிருந்தால் வித்தியாசமே தெரிந்திருக்காது.

வெட்டும் அளவுக்கு ½, ⅞, 1¼ என்று கூட்டுகிறீர்களே, எங்கிருந்து வருகிறது?

எல்லாம் தையலுக்கு விடும் கால் இன்ச்சிலிருந்துதான். தைத்து முடித்தபின் கண்ணுக்குத் தெரியும் அளவை முடிந்த அளவு என்போம். சதுரத்துக்கும் செவ்வகத்துக்கும் இரு பக்கமும் கால் கால் சேர்த்தால் அரை இன்ச்.

சதுரத்தை ஒரு மூலைவிட்டத்தில் வெட்டி எடுக்கும் அரைச் சதுர முக்கோணத்தில், சாய்ந்த பக்கத்துக்கும் கால் இன்ச் விட வேண்டும். முனைகள் கூராக நீள்வதால் கூடுதல் 0.85 இன்ச் ஆகிறது. அதை ⅞ ஆக்கிக்கொள்கிறோம். கால் சதுர முக்கோணத்தில் நீளப்பக்கத்தின் இரு முனையும் கூர்மை, அதனால் 1.21 வருகிறது. அது 1¼ ஆகிறது.

அரைச் சதுர முக்கோணத்துக்கு ⅞ கூட்டாமல் முழுசாக 1 இன்ச் கூட்டித் தைத்து, பிறகு அளவுக்கு வெட்டிக்கொள்வதையே நான் சொல்வேன். கொஞ்சம் துணி போகும், ஆனால் முனைகள் சரியாக வந்து சேரும்.

எப்படியானாலும் இந்தக் கூட்டலைக் கடைசியில் செய்யுங்கள். படத்தில் வரைவதும் விகிதம் பார்ப்பதும் எல்லாம் முடிந்த அளவில்தான். நடுவிலேயே கால் இன்ச்சைக் கலந்துவிட்டால் எந்த எண்ணில் கூட்டினோம், எதில் கூட்டவில்லை என்று தெரியாமல் போகும்.

சென்டிமீட்டரில்?

தையலுக்கு 0.75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் சதுரத்துக்கு 1.5, அரைச் சதுர முக்கோணத்துக்கு 2.5, கால் சதுர முக்கோணத்துக்கு 3.5 கூட்டுங்கள். ஒரே வேலையில் இன்ச்சையும் சென்டிமீட்டரையும் கலக்காதீர்கள்.

முடிந்த அளவை நானே தீர்மானிக்கலாமா? படத்தில் உள்ளது எத்தனை இன்ச் என்று தெரியாதே?

தெரிய வேண்டிய அவசியமே இல்லை. விகிதம் கிடைத்துவிட்டால் அளவு உங்கள் விருப்பம். கட்ட எண்ணிக்கையால் சுலபமாக வகுபடும் எண்ணாகப் பார்த்து எடுங்கள்: நாலுக்கு 8 அல்லது 12, மூன்றுக்கு 6, 9, 12, ஐந்துக்கு 10, ஏழுக்கு 7 அல்லது 14. ஏழு கட்ட பிளாக்கை 12 இன்ச்சில்தான் தைப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் ஒரு கட்டம் 1.71 இன்ச் என்று வரும். ஸ்கேலில் அந்தக் கோடு இருக்காது.

ஒரே துணியில் இரண்டு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. நடுவில் தையல் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அச்சுத்துணியாக இருந்தால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பூவோ கோடோ திடீரென்று உடைந்தால் அங்கே தையல் இருக்கிறது. ஒற்றை நிறத்துணியில் மெல்லிய நிழல்கோடு தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

தெரியாவிட்டால் நீங்களே முடிவு செய்யுங்கள். இரண்டையும் சேர்த்தால் சதுரம், செவ்வகம், நேர்முக்கோணம் போன்ற சுலபமான வடிவம் வருகிறதா? உடையாமல் ஓடும் கோடு எதையும் அது கெடுக்கவில்லையா? அப்படியானால் ஒரே துண்டாக வெட்டிவிடலாம். இரண்டு அரைச் சதுர முக்கோணங்கள் பின்னணி நிறத்தில் முதுகோடு முதுகு ஒட்டி நின்றால், அது ஒரு ஃப்ளையிங் கீஸ் ஆகிவிடும், ஒரு தையல் மிச்சம். சேர்த்ததால் கோடு உடைந்து தைக்கவே வழியில்லாமல் போகிறது என்றால் தையல் அங்கேயே இருக்கட்டும். மூலத்தில் இருந்ததா இல்லையா என்று யாரும் வந்து பார்க்கப்போவதில்லை.

படத்தில் தெரியும் கோடு எல்லாம் தையல் கோடுதானா?

இல்லை. மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்துப் போடும் குவில்ட்டிங் தையலும் கோடாகத் தெரியும். அது புள்ளிபுள்ளியாக இருக்கும், ஒரு துணியிலிருந்து இன்னொரு துணிக்குக் கவலையில்லாமல் தாண்டிப்போகும். துண்டுகளை இணைத்த தையலில் நூல் தெரியாது, கோட்டின் ஒரு பக்கம் சற்றுத் தடித்து நிற்கும். பூ, இலை, பறவை போன்ற வடிவங்கள் பின்னணித் துணியின் மேல் வைத்துத் தைத்த அப்ளிகாக இருக்கும். அவற்றைக் கணக்கில் எடுக்காமல் அடியில் உள்ள பிளாக்கை மட்டும் பிரியுங்கள்.

முக்கோணங்களை அரைச் சதுரமாக வெட்டுவதா, கால் சதுரமாக வெட்டுவதா? படத்தில் இரண்டும் ஒரே வடிவம்தானே?

வடிவம் ஒன்றுதான், இழை ஓடும் திசை வேறு. துணியின் நேர் இழை பிளாக்கின் வெளி விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். முக்கோணத்தின் குட்டைப் பக்கங்கள் வெளியே வந்தால் அரைச் சதுரம், நீளப்பக்கம் வெளியே வந்தால் கால் சதுரம். மாற்றி வெட்டினால் விளிம்பு கிராஸாகிவிடும். இஸ்திரி போடும்போதே நீண்டு, 9½ வர வேண்டிய பிளாக் அலையலையாக நிற்கும். இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் அழுத்தி எடுக்கச் சொல்வதும் இதனால்தான்.

எவ்வளவு தேடினாலும் உடையாமல் ஓடும் கோடே இல்லை. என்ன செய்வது?

இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது பாதித் தையல். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றி நாலு செவ்வகங்கள் ஒன்றன் வாலை ஒன்று துரத்துவதுபோல் நிற்கும். எந்தக் கோட்டைப் பிடித்தாலும் இன்னொரு செவ்வகத்தில் முட்டி நிற்கும். முதல் செவ்வகத்தை நடுச்சதுரத்தோடு பாதிவரை மட்டும் தைத்து நிறுத்துங்கள். தைத்து முடிந்த முனை இருக்கும் பக்கத்தில் இரண்டாவதைச் சேர்த்து, அப்படியே சுற்றி மூன்றாவது, நாலாவது என்று முழுசாகத் தையுங்கள். கடைசியில் முதல் செவ்வகத்தின் விட்ட பாதியை முடித்துவிடுங்கள். சொல்லும்போது சிக்கலாகத் தெரியும். கையில் நாலு காகிதத் துண்டு வைத்துச் செய்து பார்த்தால் உடனே புரிந்துவிடும்.

இரண்டாவது ஒய் தையல். மூன்று துண்டுகள் ஒரு புள்ளியில் மூன்று திசையில் கூடும். லெமாய்ன் ஸ்டாரின் மூலைச்சதுரங்களும் விளிம்பு முக்கோணங்களும் இப்படித்தான் சாய்சதுரங்களுக்கு இடையே செருகப்படுகின்றன. அறுகோணத் துண்டுகளும் இதே வகை. ஒவ்வொரு தையலையும் அந்தச் சந்திப்பில் விளிம்புக்குக் கால் இன்ச் முன்னால் நிறுத்தி, கெட்டித் தையல் போட்டு, துணியைத் திருப்பி அடுத்த பக்கத்தைத் தைக்க வேண்டும்.

ஒய் தையல் பிடிக்காதவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒரு வழி உண்டு. லெமாய்ன் ஸ்டாரில் மூலைச்சதுரத்தை மூலைவிட்டத்தில் இரண்டாகவும், விளிம்பு முக்கோணத்தை நடுவில் இரண்டாகவும் பிரித்துவிடுங்கள். பிளாக் மையத்திலிருந்து எட்டுத் துண்டமாகிவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு சாய்சதுரம், இரண்டு சின்ன முக்கோணம், எல்லாம் நேர்த்தையல். பின்னணித் துணி ஒற்றை நிறமாக இருந்தால் கூடுதல் தையல் கண்ணில் படாது. கோடு போட்ட துணி என்றால் படும்.

முக்கோணத்தின் சாய்வு 45 டிகிரியாக இல்லை. கட்டத்தில் பொருந்துமா?

முனை எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஒரு கட்டம் பக்கவாட்டில் போகும்போது இரண்டு கட்டம் மேலேறினால் அது செவ்வகத்தைக் குறுக்கே வெட்டிய முக்கோணம், கட்டத்துக்குள்தான் இருக்கிறது. ஸ்டார்ம் அட் சீ என்ற வடிவம் இப்படிப்பட்ட சாய்வுகளால் ஆனது. தூரத்திலிருந்து பார்த்தால் அலைபோல் வளைந்து தெரியும், ஆனால் அதில் ஒரு வளைவுகூட இல்லை. இந்த வகை முக்கோணத்தில் இடம், வலம் பார்க்க வேண்டும். செவ்வகத்தை ஒரு திசையில் வெட்டினால் கிடைப்பது அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான். எதிர்ப்பக்கத்துக்கு மற்ற திசையில் வெட்ட வேண்டும்.

முனைகள் கட்டத்தின் எந்தப் புள்ளியிலும் விழவில்லை என்றால் கணக்குப் போடுவதை விட்டுவிட்டுக் காகிதத்தின் மேல் தைக்கும் முறைக்குப் போங்கள். மரைனர்ஸ் கம்பஸ் போன்ற பல முனைக் கூர்நட்சத்திரங்களுக்கு இதுதான் சரி. பிளாக்கை முழு அளவில் வரைந்து, பாகங்களாக வெட்டி, கோட்டின் மேலேயே தைப்பீர்கள். ஒவ்வொரு புதுத்துண்டும் அதுவரை தைத்த பகுதியின் ஒரு பக்கத்தை முழுசாக மூட வேண்டும். மூடாத இடத்தில் பாகத்தைப் பிரித்துவிட வேண்டும். ஆக இங்கேயும் கடைசித் தையலைத் தேடும் வேலைதான். தைத்து முடித்த பிளாக் வரைந்ததற்குக் கண்ணாடி பிம்பமாக வரும் என்பதை மறக்காதீர்கள். படத்தில் உள்ள காற்றாடி வலப்பக்கம் சுழல்கிறது என்றால் இடப்பக்கம் சுழல்வதாக வரைய வேண்டும்.

உண்மையான வளைவு இருந்தால்?

ட்ரங்கர்ட்ஸ் பாத் மாதிரி சதுரத்துக்குள் கால்வட்டம் என்றால், வட்டத்தின் ஆரம் சதுரத்தின் பக்கத்தில் எத்தனை பங்கு என்று மட்டும் அளந்தால் போதும். இரண்டு அட்டை மாதிரி வெட்டுங்கள். கால்வட்டத் துண்டுக்கு ஆரத்தோடு கால் இன்ச் கூட்டுங்கள், குழிந்த துண்டுக்குக் கால் இன்ச் குறையுங்கள். நேர்ப்பக்கங்களுக்கு வழக்கம்போல் கால் இன்ச். நடுவைக் குறித்துக் குண்டூசி குத்தி, குழிந்த துண்டு மேலே இருக்கும்படி வைத்து மெதுவாகத் தைக்கலாம்.

பிளாக் சரியாக வந்தது, ஆனால் படத்தில் இருப்பதுபோல் எடுப்பாக இல்லை.

வடிவத்தைக் காட்டுவது நிறத்தைவிட வெளிர், நடுத்தரம், அடர் என்ற வேறுபாடுதான். படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் 1, 2, 3 என்று அடர்த்தி எண் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் துணிகளையும் வரிசையாக வைத்துக் கறுப்பு வெள்ளையில் படம் எடுங்கள். சிவப்பும் பச்சையும் கண்ணுக்கு எதிரெதிர், ஆனால் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாக வந்து நிற்கலாம். அப்படி வரும் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நட்சத்திரம் காணாமல் போகும்.

பெயர் தெரிந்தால் தேடுவது சுலபமாயிற்றே. பெயரைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

கட்ட எண்ணிக்கையைச் சேர்த்துத் தேடிப் பாருங்கள், "நைன் பேட்ச் ஸ்டார்" என்பதுபோல். பார்பரா பிராக்மன் தொகுத்து 1993ல் வெளிவந்த துண்டிணைப்பு வடிவங்களின் கலைக்களஞ்சியத்தில் 4,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் அமைப்பின்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. பெயர் தெரியாமல் படத்தோடு வருபவருக்கு அதுதான் வசதி. ஆனால் பெயரை ரொம்ப நம்ப வேண்டாம். அமெரிக்காவில் 1928 முதல் 1961 வரை கான்சஸ் சிட்டி ஸ்டார் செய்தித்தாள் மட்டுமே ஆயிரத்துக்கு மேல் வடிவங்களை வெளியிட்டது. மற்ற பத்திரிகைகளும் இதே வேலையைச் செய்தன, ஏற்கெனவே இருந்த பிளாக்குக்குப் புதுப்பெயர் சூட்டுவதும் நடந்தது. ஒரே பிளாக்குக்கு ஏழெட்டுப் பெயரும், ஒரே பெயரில் இரண்டு மூன்று பிளாக்கும் இருப்பது அதனால்தான்.

இப்படிப் பார்த்துத் தைப்பது தப்பில்லையா?

காலங்காலமாகப் புழங்கும் பிளாக்குகள் யாருக்கும் சொந்தமில்லை. இப்போதிருக்கும் ஒரு வடிவமைப்பாளர் தானே யோசித்து விற்கும் வடிவம் என்றால் காசு கொடுத்து அவருடைய குறிப்பையே வாங்குங்கள். உங்கள் நேரமும் மிச்சம்.

கணினி மென்பொருள் அவசியமா?

இல்லை. கட்டம் போட்ட தாள், பென்சில், ஸ்கேல், கலர் பென்சில் நாலு. எலக்ட்ரிக் குவில்ட் போன்ற மென்பொருள் இருந்தால் நிறம் மாற்றிப் பார்ப்பதும், அதே பிளாக்கை நாற்பது தடவை அடுக்கிப் பார்ப்பதும் சுலபம். கடைசித் தையல் எது என்று அது உங்களுக்குப் பதிலாக யோசிக்காது.

கணக்கெல்லாம் சரி, ஆனால் பிளாக் கால் இன்ச் சின்னதாக வந்துவிட்டது.

முதலில் தையலைச் சோதியுங்கள். 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்து இஸ்திரி போடுங்கள். நடுப்பட்டை சரியாக 1 இன்ச்சும், மொத்த அகலம் 3½ இன்ச்சும் வர வேண்டும். குறைந்தால், துணி மடியும் இடத்தில் நூலும் மடிப்பும் கொஞ்சம் அகலத்தைத் தின்கின்றன. ஊசியை ஒரு நூலளவு வலப்பக்கம் தள்ளி, கால் இன்ச்சுக்கு மயிரிழை குறைவாகத் தையுங்கள்.

சோதனை சரியாக வந்தும் பிளாக் குறைகிறது என்றால் தப்பு அலகுகளில் இருக்கிறது. ஒவ்வொரு அலகும் முடிந்த அளவைவிட அரை இன்ச் பெரிதாக இருக்கிறதா என்று, வரிசையாகச் சேர்ப்பதற்கு முன்பே அளந்து பாருங்கள். நல்ல துணியை வெட்டுவதற்கு முன்னால் கழிவுத்துணியில் ஒரு பிளாக் தைத்துவிடுங்கள். அதிலேயே கட்ட எண்ணிக்கை தப்பா, தையல் தப்பா என்று தெரிந்துவிடும்: எல்லா அலகும் ஒரே அளவு குறைந்தால் தையல், ஒரு அலகு மட்டும் பக்கத்து அலகோடு பொருந்தாமல் நின்றால் கட்டம்.